கடவுச்சீட்டும் வயது வரம்பும்: ஹோடெனோஷோனி இளையோர் லக்ராஸ் அணி இழந்த ஒரு கோடை

ஆய்வின் பொருள்

2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 19 வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலக லக்ராஸ் (கோலால் ஆடும் பந்தாட்டம்) போட்டி நடைபெற்றபோது, அதில் ஆட வேண்டியிருந்த, வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களான ஹோடெனோஷோனியரின் அணி வரவில்லை. ஆட்டத்திறன் குறைந்ததோ பணம் இல்லாமற்போனதோ அதற்குக் காரணம் அன்று. அந்த அணி தன் மக்கள் வழங்கிய கடவுச்சீட்டில்தான் பயணம் செய்யும் என்ற நிலையில் நின்றது. பிரிட்டன் அந்தக் கடவுச்சீட்டை ஏற்க மறுத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2010இல், இதே மக்களின் ஆடவர் மூத்தோர் அணி இதே நாட்டின் மறுப்பால் மான்செஸ்டர் உலகப் போட்டியை இழந்திருந்தது.

இரண்டு நிகழ்வுகளும் ஒன்றுபோலத் தோன்றுவதால் பெரும்பாலும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. கொள்கை ஒன்றுதான், ஆனால் அதற்காக ஆட்டக்காரர்கள் கொடுத்த விலை ஒன்றன்று என்பதே இந்த ஆய்வின் மையக் கருத்து. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நிர்வாகிகள் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி: எல்லைக்கோட்டின் மேல் வளரும் ஆட்டம்

மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா ஆகிய ஆறு மக்களினங்களின் கூட்டமைப்பே ஹோடெனோஷோனி. வெளியார் இவர்களை நெடுங்காலம் இரோகுவாய் என்று அழைத்தனர். நுனியில் வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி, எறிந்து ஆடும் லக்ராஸ், இவர்களைப் பொறுத்தவரை படைத்தவனை மகிழ்விக்கவும் நோயுற்றவரைக் குணப்படுத்தவும் ஆடப்படும் ஆட்டம். 1867இல் மான்ட்ரியல் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் அதற்கு எழுத்து வடிவில் விதிகள் வகுத்தார். 1876இல் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் ஆட்டக்காரர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, விண்ட்சரில் விக்டோரியா அரசியின் முன்னிலையில் ஆடிக் காட்டினர். நான்கே ஆண்டுகளில், 1880இல், கனடாவின் லக்ராஸ் சங்கம் தன்னை முழுமையான அமெச்சூர் சங்கமாக மாற்றிக்கொண்டு, பூர்வகுடி அணிகளைத் தன் சாம்பியன் போட்டிகளிலிருந்து விலக்கியது. ஆட்டத்தைக் கொடுத்தவர்களுக்கே அந்த ஆட்டத்தின் வாசல் அடைபட்டது.

1930களில் ஐஸ் ஹாக்கி அரங்குகளின் உரிமையாளர்கள், கோடையில் வெறுமையாகக் கிடந்த அரங்குகளை நிரப்புவதற்காக, சுவர் சூழ்ந்த சிறிய தளத்தில் ஆடும் பாக்ஸ் லக்ராஸை உருவாக்கினர். கனடாவில் மைதான ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி இது பரவியது. 1901இல் கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு மூத்தோருக்காக வழங்கியிருந்த கோப்பை, தொழில்முறை ஆட்டம் சரிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்து, 1937 முதல் இளையோர் சாம்பியனுக்கு உரியதாயிற்று. ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற வட்டார இளையோர் லீகுகளில் முதலிடம் பெறுவோர் அந்தக் கோப்பைக்காக மோதினர். 1992இலும் 2007இலும் அதை வென்றது, ஒன்டாரியோ லீகில் ஆடிவந்த சிக்ஸ் நேஷன்ஸ் ஆரோஸ் என்ற பூர்வகுடி இளையோர் அணி. ஹோடெனோஷோனி பிள்ளைகளுக்கு உலகப் போட்டி என்பது எட்டாத கனவன்று, ஊர் லீகிலிருந்து நேராக ஏறிச்செல்லும் படி என்பதை உணர்த்தவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்த வட்டார ஆட்டத்துக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. இம்மக்களின் ஊர்கள் இரு நாடுகளில் சிதறியுள்ளன. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலுள்ள அக்வசாஸ்னே என்ற மோஹாக் பகுதியின் ஒரு பக்கம் நியூயார்க் மாநிலம். மறு பக்கம் ஒன்டாரியோவும் கியூபெக்கும். அங்கே வளரும் ஒரு சிறுவன் பயிற்சிக்குப் போகவே சர்வதேச எல்லையைக் கடக்க நேரும். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 1794இல் ஏற்பட்ட ஜே உடன்படிக்கை பூர்வகுடியினர் அந்த எல்லையைத் தடையின்றிக் கடக்கும் உரிமையை ஒப்புக்கொண்டிருந்தது. ஆயினும் நடைமுறை வேறாக இருந்தது. 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, எல்லைக் காவலர்கள் துப்பாக்கி ஏந்துவதை அக்வசாஸ்னே மக்கள் எதிர்த்ததை அடுத்து, கார்ன்வால் தீவிலிருந்த கனடிய எல்லைச் சாவடி காலி செய்யப்பட்டு, அந்த எல்லை வழி பல வாரங்கள் மூடிக் கிடந்தது. அமெரிக்காவுக்குள் தரைவழியாக நுழையவும் கடவுச்சீட்டு நிலையான ஆவணம் வேண்டும் என்ற புதிய விதி நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான்.

கடவுச்சீட்டு எங்கிருந்து வந்தது

வெளியார் பலர் இந்தக் கடவுச்சீட்டை அண்மைக்கால எதிர்ப்பு அடையாளம் என்று எண்ணிவிடுகின்றனர். அது சரியன்று. 1794இல் கனண்டைகுவா என்ற இடத்தில் அமெரிக்கா இக்கூட்டமைப்புடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டது. அதில் ஒப்புக்கொண்டபடி அமெரிக்க அரசு ஆண்டுதோறும் துணி அனுப்பும் வழக்கம் இன்றுவரை நின்றுவிடவில்லை. 1923இல் டெஸ்காஹே என்ற கயூகா தலைவர், தம் மக்களின் கடவுச்சீட்டுடன் ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் முன் கனடாவுக்கு எதிராக முறையிட முயன்றார். மறு ஆண்டு அமெரிக்கா எல்லாப் பூர்வகுடியினருக்கும் குடியுரிமை அளித்துச் சட்டம் இயற்றியபோது, தாங்கள் கேட்காத குடியுரிமை தங்களுக்கு வேண்டாம் என்று ஹோடெனோஷோனி தலைவர்கள் மறுத்தனர். 1977இல் ஐக்கிய நாடுகள் அரங்கில் பேச ஜெனீவா சென்ற குழுவும் இதே கடவுச்சீட்டைப் பயன்படுத்தியது.

1983இல் இரோகுவாய் நேஷனல்ஸ் என்ற அணி உருவாயிற்று. 1990இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் அது தனி நாடாக, தன் கொடியுடன் ஆடியது. சர்வதேச விளையாட்டுச் சம்மேளனம் ஒன்று ஒரு பூர்வகுடி மக்களைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டது அரிதிலும் அரிது. 1994இல் அந்த அணி மான்செஸ்டரை ஒட்டிய பரி நகரில் நடந்த உலகப் போட்டியிலும் ஆடியது. 2010இல் பிரிட்டன் மறுத்தபோது அணியினருக்கு ஏற்பட்ட வியப்புக்கு இந்தப் பழைய நினைவும் ஒரு காரணம்.

2010 ஜூலை: கண்டவை

மான்செஸ்டர் போட்டி ஜூலை 15ஆம் தேதி தொடங்குவதாக இருந்தது. தொடக்க ஆட்டமே இங்கிலாந்துக்கும் இரோகுவாய் அணிக்கும். உலக வரிசையில் நான்காம் இடத்தில் இருந்த அந்த அணியின் 23 ஆட்டக்காரர்களும் நியூயார்க் நகருக்கு வந்து சேர்ந்தனர். அங்கிருந்து புறப்படத்தான் முடியவில்லை. அவர்களின் கடவுச்சீட்டில் சில விவரங்கள் கையால் எழுதப்பட்டிருந்தன. புதிய பாதுகாப்பு அம்சங்கள் இல்லை. 2001க்குப் பிறகு ஆவணச் சோதனை இறுகிவிட்ட உலகில் இது சிறிய குறையாகக் கருதப்படவில்லை.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு எல்லை அதிகாரியிடம் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறது: இவர் யார், இவரைத் திரும்ப ஏற்றுக்கொள்பவர் யார். முதற்கட்டத்தில் பிரிட்டன் கேட்டது இரண்டாவதை. இந்த ஆட்டக்காரர்கள் அமெரிக்காவுக்குத் திரும்ப அனுமதிக்கப்படுவார்கள் என்று அமெரிக்கா எழுத்தில் உறுதி தர வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. அமெரிக்கா முதலில் அதற்கு இணங்கவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டை விரைவாகத் தருகிறோம், அதில் போங்கள் என்றது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தலையிட்ட பின், ஜூலை 14 அன்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். சிக்கல் தீர்ந்தது என்று அணியினர் நம்பினர்.

அன்றே பிரிட்டன் மறுபடியும் மறுத்தது. திரும்ப ஏற்பவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆவணமே செல்லாது என்ற நிலைக்கு அது இப்போது வந்திருந்தது. அமெரிக்க அல்லது கனடியக் கடவுச்சீட்டில் வந்தால் நுழையலாம் என்றது. ஜூலை 15 ஆட்டம் அணி இல்லாமலேயே கைநழுவியது. 16ஆம் தேதி அணி போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

எடுத்த முடிவும் அதன் நியாயமும்

அமெரிக்கக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியிருந்தால், முதல் ஆட்டம் போனாலும் மீதி ஆட்டங்களில் ஆடியிருக்கலாம். பல ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கடவுச்சீட்டைப் பெறும் சட்டத் தகுதி இருந்தது. அப்படியிருந்தும் அணி மறுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் அந்த அணி உலகப் போட்டியில் நின்றதே தனி மக்களினம் என்ற தகுதியில்தான். மார்பில் ஒரு நாட்டின் சின்னமும் சட்டைப்பையில் இன்னொரு நாட்டின் ஆவணமும் வைத்துக்கொண்டு களமிறங்கினால், 1990இல் பெற்ற அந்த இடத்தின் பொருளே கரைந்துவிடும் என்று அவர்கள் கருதினர். நானும் அந்த நியாயத்தை ஏற்கிறேன்.

ஏற்க முடியாதது முன்னேற்பாட்டின் குறை. போட்டியை நடத்தும் நாடு எது என்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. புதிய பாதுகாப்புக் கடவுச்சீட்டு ஆயத்தமாகவில்லை என்பதும் தெரிந்திருந்தது. அப்படியிருக்க, இரு அரசுகளின் உறுதியும் எழுத்தில் கைக்கு வருமுன் அணி விமான நிலைய நகருக்கு வந்து காத்திருந்தது. சர்வதேச சம்மேளனமும், தன் உறுப்பு அணி ஒன்று வர முடியுமா என்பதைப் போட்டி நடத்தும் நாட்டிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளவில்லை. எல்லாப் பேச்சும் கடைசி வாரத்தில் நடந்தது. கடைசி வாரத்தில் எந்த அரசும் முன்மாதிரி ஏற்படுத்த விரும்புவதில்லை.

ஆயினும் அந்த ஆட்டக்காரர்களுக்கு அடுத்த வாய்ப்பு இருந்தது. 2014இல் டென்வரில் அடுத்த உலகப் போட்டி நடந்தபோது அணி ஆஸ்திரேலியாவை வென்று வெண்கலம் பெற்றது. மூத்தோர் உலகப் போட்டியில் அது அவர்களின் முதல் பதக்கம். 2010இல் இழந்ததை அது ஈடுகட்டியது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காத்திருந்தவர்களுக்கு ஒரு களம் கிடைத்தது.

2015: அதே சுவர், வேறு வயது

எடின்பரோ நிகழ்வு அதிகம் பேசப்படவில்லை. 2010இல் உலகச் செய்தி நிறுவனங்கள் பலவும் நியூயார்க் விடுதியின் வாசலில் நின்றன. 2015இல் அந்தக் கூட்டம் இல்லை. பெண்கள், அதிலும் இளையோர், என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பெண்கள் அணிக்கு உள்ளூரிலும் எளிதான தொடக்கம் அமையவில்லை. நோய் தீர்க்க ஆடும் மருந்து ஆட்டத்துக்குரிய மரக்கோலைப் பெண்கள் தொடலாகாது என்பது ஹோடெனோஷோனி மரபு. மகளிர் அணி உருவானபோது குலத்தாய்மார் சிலரே அதை எதிர்த்தனர். குலத்தாய்மார் என்றால் வெறும் மூத்த பெண்கள் அல்லர். தலைவர்களை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உடையவர்கள். தம் சமூகத்துக்குள் இடம் பெறுவதற்கே வாதாடி வந்த பெண்கள், வெளியுலகின் எல்லையில் அதே சமூகத்தின் கடவுச்சீட்டைக் கைவிடாமல் நின்றார்கள் என்பது இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி.

பிரிட்டனின் நிலை 2010இல் இருந்ததிலிருந்து மாறவில்லை. அணி விலகியது. கொள்கையளவில் இது ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்த முடிவின் தொடர்ச்சிதான். ஆனால் 19 வயதுக்குட்பட்டோர் போட்டி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 2010இல் 22 வயதில் விடுதியில் காத்திருந்த ஆடவர் 2014இல் 26 வயதில், உடல் வலிமையின் உச்சத்தில் திரும்பி வரலாம். 2015இல் 18 வயதில் ஊரில் தங்கிவிட்ட பெண்ணுக்கு 2019இல் வயது 22. இளையோர் போட்டியில் அவளுக்கு இடமில்லை. அவளைப் பொறுத்தவரை அந்தப் போட்டி ஒத்திவைக்கப்படவில்லை, முடிந்துவிட்டது.

பின்னர் நடந்தவை

எடின்பரோவுக்கு இரண்டு மாதம் கழித்து, 2015 செப்டம்பரில், உலக உள்ளரங்க லக்ராஸ் போட்டி ஒனொண்டாகா மக்களின் நிலத்திலும் அருகிலுள்ள சிராக்யூஸ் நகரிலும் நடந்தது. பூர்வகுடி நிலத்தில் இத்தகைய உலகப் போட்டி நடந்தது அதுவே முதன்முறை. வந்திறங்கிய அணிகளின் கடவுச்சீட்டுகளில் ஹோடெனோஷோனி தம் முத்திரையைப் பதித்தனர். பங்கேற்ற 13 அணிகளில் இங்கிலாந்து அணியும் ஒன்று. இறுதி ஆட்டத்தில் கனடா 12-8 என்ற கணக்கில் ஹோடெனோஷோனி அணியை வென்றது.

2018இல் இஸ்ரேலின் நெதன்யா நகரில் மூத்தோர் ஆடவர் உலகப் போட்டி. மீண்டும் கடவுச்சீட்டுச் சிக்கல். மீண்டும் கடைசி நேரத் தாமதம். இம்முறை கனடா அரசு தலையிட்டது. அணி ஆட்டத்துக்கு மிக நெருங்கிய நேரத்தில்தான் இஸ்ரேல் சென்று சேர்ந்தது என்றாலும், ஆடியது, வெண்கலமும் வென்றது. 2010இலிருந்து கற்ற பாடம் முழுமையாகச் செயலுக்கு வரவில்லை என்பதையும், திரும்ப ஏற்பதாக ஒரு நாடு உறுதி தந்து, வரவேற்கும் நாடும் அதை ஏற்க மனம் வைத்தால் வழி பிறக்கிறது என்பதையும் இந்த நிகழ்வு ஒருங்கே காட்டியது.

2020இல் வேறொரு வாசலில் சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் நடக்கவிருந்த, ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஆட்டங்களுக்கான உலக விளையாட்டுகளுக்கு, இறையாண்மை நாடும் தேசிய ஒலிம்பிக் குழுவும் இல்லை என்ற காரணம் காட்டி, இரோகுவாய் அணி முதலில் சேர்க்கப்படவில்லை. எதிர்ப்பு வலுக்கவே முடிவு மாறியது; அவர்களுக்கு இடம் விட அயர்லாந்து அணி தானாக விலகிக்கொண்டது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்குக் கிரிக்கெட்டுடன் லக்ராஸையும் சேர்த்தபோது அதே கேள்வி மறுபடி தலைதூக்கியது. ஒலிம்பிக் குழு உள்ள நாடுகளுக்கே இடம் என்பது அதன் விதி. நம் ஊரில் அன்று கிரிக்கெட் சேர்ந்ததைத்தான் பேசினோம்.

எவை வேறாக நடந்திருக்கலாம்

ஹோடெனோஷோனி மக்கள் தம் கொள்கையை விட்டிருக்க வேண்டும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. கொள்கையின் சுமை எங்கே இறங்குகிறது என்பதே இங்கு கேள்வி.

முதல் பொறுப்பு சர்வதேச சம்மேளனத்துக்கு. தன் உறுப்பு அணி ஒன்றின் பயண ஆவணத்தைச் சில நாடுகள் ஏற்பதில்லை என்பது 2010க்குப் பின் ஐயத்துக்கு இடமற்ற செய்தி. அதன்பின் போட்டி நடத்தும் உரிமையை எந்த நாட்டுக்கு வழங்கினாலும், எல்லா உறுப்பு அணிகளையும் உள்ளே அனுமதிப்போம் என்ற எழுத்து உறுதியை அந்த நாட்டு அரசிடமிருந்து பெற்ற பிறகே வழங்கியிருக்க வேண்டும். அந்த உறுதியைத் தர மறுக்கும் நாட்டுக்கு உரிமை இல்லை என்று சொல்லும் துணிவு இருந்திருந்தால், 2015இல் இளம்பெண்கள் தனியாகச் சுமந்ததைப் பெரியவர்களின் மேசையிலேயே தீர்த்திருக்கலாம்.

இரண்டாவது, வயது வரம்பு. ஆட்டத்திறனுக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால், எல்லையில் நிறுத்தப்பட்டதால், இளையோர் போட்டியை இழக்கும் அணிக்கு அடுத்த போட்டியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வயது தளர்வு தருவது பெரிய புரட்சி அன்று. வட்டார இளையோர் லீகுகள் வேறு காரணங்களுக்காக இத்தகைய சிறு விலக்குகளை அளித்துப் பழகியவைதாம். போட்டியின் நேர்மை கெடும் என்ற எதிர்வாதம் வரும். ஒரு முழு அணியே இல்லாமல் நடந்த உலகப் போட்டியில் எந்த நேர்மை எஞ்சியிருந்தது என்று பதிலுக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது அணி நிர்வாகத்துக்குரியது. சொல்வதற்குச் சற்றுத் தயக்கமாகவும் உள்ளது. மூத்தோர் அணியில் சேரும் ஆடவர், தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பதை அறிந்து சேர்கிறார். 16 வயதுப் பெண்ணுக்கு அந்தத் தெளிவு தானாக வந்துவிடாது. தேர்வு நடக்கும் நாளிலேயே, இந்தப் பயணம் நடக்காமற்போகலாம், அப்படியானால் மாற்றுக் கடவுச்சீட்டில் போக மாட்டோம் என்பதை அவளுக்கும் வீட்டாருக்கும் சொல்லி, அவர்கள் விருப்பத்தைக் கேட்டுக்கொள்வதே முறை. ஏழு தலைமுறைக்கு அப்பாலும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது ஹோடெனோஷோனி மக்களே தமக்கு வகுத்துக்கொண்ட நெறி. ஆட்டக்களத்தில் நிற்கும் தலைமுறையும் அந்த எண்ணிக்கையில் அடங்கும் அல்லவா?

2019ஆம் ஆண்டு 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகப் போட்டி ஒன்டாரியோ மாகாணத்தின் பீட்டர்பரோ நகரில் நடந்தது. கடல் கடக்கும் விமானமோ பிரிட்டன் விசாவோ தேவைப்படாத அந்த ஊரில் ஹோடெனோஷோனி அணி களமிறங்கியது. 2015இல் 18 வயதாக இருந்தவர்களில் எவருக்கும் அந்த அணியில் இடம் இருந்திருக்க முடியாது.